லேடி டாக்டர் கிடைத்த பிறகு

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவதென்றால் எங்கள் வீட்டில் ஒரே நிபந்தனைதான். "லேடி டாக்டரா பாத்து நம்பர் போடு தம்பி." காய்ச்சலோ, முட்டி வலியோ, காதுக்குள் எறும்பு புகுந்ததோ, எதுவானாலும் லேடி டாக்டர். நாங்கள் இருக்கும் சிங்கப்பூர் யீஷூனில் கிளினிக்குகளுக்குப் பஞ்சமில்லை. காப்பிக்கடை இருக்கிற புளோக்கில் பெரும்பாலும் ஒரு கிளினிக்கும் இருக்கும். ஆனாலும் முதலில் போன் போட்டு, இன்றைக்குப் பெண் டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகுதான் நாங்கள் லிப்ட் பட்டனை அழுத்துவோம். பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் செய்தேன். கூடவே பிரசங்கமும் செய்தேன். "டாக்டர்னா டாக்டர்தான்மா. அதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?" எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. இப்போது அந்த வசனம் என் வாயில் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதுமில்லை. அம்மாவே "எழுதிக்கோ, இப்ப என்ன" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

தமிழில் 'மருத்துவர்' என்ற சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'வந்தாங்க, பாத்தாங்க, மருந்து எழுதுனாங்க' என்று பேசிக்கொண்டே போனால், பார்த்தது யார் என்று கடைசிவரை தெரியாமலே கதையை முடித்துவிடலாம். இவ்வளவு வசதியான மொழியை வைத்துக்கொண்டு நாம் 'லேடி டாக்டர்' என்று தனியாக ஒரு சொல்லைப் புழங்குகிறோம். அதற்கு எதிர்ச்சொல் கிடையாது. 'ஜென்ட்ஸ் டாக்டர்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நர்ஸ் விஷயத்தில் அப்படியே தலைகீழ். ஆண் வந்தால்தான் 'மேல் நர்ஸ்'. வெறும் டாக்டர் என்றால் ஆண், வெறும் நர்ஸ் என்றால் பெண். மாறி வந்தால் முன்னால் ஒரு ஒட்டு. அம்மாவின் வாயில் அந்த ஒட்டு இல்லாமல் டாக்டர் என்ற சொல் வந்ததே இல்லை. அது பழைய காலத்துக் கூச்சம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்த ஒன்று என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

2023 ஜூலையில் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஆளுக்கொரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம், முதல் சந்திப்புக்குக் காசில்லை, முதலில் 60 வயது தாண்டியவர்களுக்கு அழைப்பு. அம்மாவுக்கும் குறுஞ்செய்தி வந்தது. கைப்பேசி நேராக என் கைக்கு வந்தது. "இனிமே ஒரே டாக்டர்தானா? அப்ப லேடி டாக்டரா பாத்துப் போட்டுடு." ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேடினேன். கிடைத்தார். நாற்பது வயது இருக்கும், சீனப் பெண்மணி, பொறுமைசாலி. அவர் மீது எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறைக்குள் மூன்று நாற்காலிகள். டாக்டருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அம்மாவுக்குத் தமிழும் பாசார் மலாயும்தான். ஆங்கிலத்தில் 'தேங்க்யூ'வும் 'டூமச் எக்ஸ்பென்சிவ்'வும் தெரியும். ஆகவே நான் மொழிபெயர்ப்பாளர். ரத்த அழுத்தம், சர்க்கரை, முட்டி வலி எல்லாம் ஆற்றொழுக்காகப் போயின. அப்புறம் டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போதாவது செய்திருக்கிறார்களா, சிறுநீர் கசிவு உண்டா, தும்மும்போது, சிரிக்கும்போது, என்று கேட்டார். சாதாரணக் கேள்விகள். தினமும் எத்தனை பேரிடம் கேட்பாரோ.

எனக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பாருங்கள், இதைத் தமிழில் பெற்ற தாயிடம் எந்தச் சொல்லை வைத்துக் கேட்பது? 'சிறுநீர்க் கசிவு' என்றால் செய்தி வாசிப்பது போலிருக்கும். வீட்டில் புழங்கும் சொல்லைப் போட்டால் நாற்பத்தெட்டு வயதில் அம்மாவிடம் அந்தச் சொல்லைப் போட்டவனாக ஆகிவிடுவேன். நான் கண்டுபிடித்த வழி இது. "பாத்ரூமெல்லாம் ஒழுங்கா போகுதான்னு கேக்குறாங்கம்மா." அம்மா சுவரில் இருந்த உணவுத் தட்டுப் படத்தைப் பார்த்தார், அரைத்தட்டு காய்கறி பழம், கால்தட்டு சோறு. "அதெல்லாம் நல்லாத்தான் போகுது. நீ முட்டி வலியைச் சொல்லு." நான் டாக்டரிடம் திரும்பி, பிரச்சினை ஒன்றும் இல்லை என்றேன். கர்ப்பப்பைக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. "இல்லை" என்று நானே பதில் சொன்னேன். அம்மாவுக்குப் பிடித்தபடி லேடி டாக்டர் பிடித்துக் கொடுத்துவிட்ட திருப்தியில் வீட்டுக்கு வந்தேன்.

அந்த நாள்களில் இன்னொன்றும் பார்த்தேன், பார்த்தும் விளங்கவில்லை. என் பழைய வேட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் துணி எடுக்கப் போனபோது சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துவாலைகள் தொங்கின. துவாலைகளுக்குப் பின்னால் மறைவாக, கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைச் சதுரங்கள் ஏழெட்டு, கரை கிழித்து, ஓரம் தைத்து. தையல் அவ்வளவு நேர்த்தி. அடுப்படித் துணியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிக்கனக்காரி.

என் முறை

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அதே வருடக் கடைசியில் எனக்கு ரத்தம் போயிற்று. எங்கிருந்து என்று கேட்காதீர்கள். மூலம்தான் என்று மனசுக்குத் தெரியும், மனசுக்குத் தெரிந்தால் போதாது, டாக்டருக்குக் காட்ட வேண்டும். அரசாங்கப் பாலிகிளினிக் கவுன்டரில் நம் தமிழ்க்கார அம்மா ஒருவர். "என்ன பிரச்சினை சார்?" என்று அந்த வரிசைக்கே கேட்கும்படி கேட்டார். நான் கண்ணாடித் தடுப்போடு ஒட்டிக்கொண்டு, மெதுவாக, ஆண் டாக்டராகக் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார். "லேடி டாக்டர்னா இப்பவே போயிடலாம் சார். மேல் டாக்டர்னா ஒண்ணரை மணி நேரம் ஆகும்." இந்த ஒரு தடவை அந்த ஒட்டு ஆணுக்கு முன்னால் வந்து நின்றது. கேட்டவன் நான்.

ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர்னா டாக்டர்தான்மா. திரையில் நம்பர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் பார்த்தவர் ஒரு சின்னப்பையன், என் மகனைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவன் போலிருந்தார். முழுசாக நான்கு நிமிடம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் உள்நோக்கி வைத்துப் பார்த்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாருமே பெண்கள். மயக்க மருந்து கொடுத்தால் கூச்சம் முதலில் மயங்கிவிடுகிறது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவளுடைய கட்சியே வேறு. பிரசவத்துக்கு அவள் வேண்டுமென்றே ஆண் டாக்டரிடம் போனவள். "லேடி டாக்டருங்க சில பேரு, 'நானும்தான் பெத்தேன், இதுக்கு ஏன் கத்துற'ன்னு பாப்பாங்க" என்பாள். பொதுமைப்படுத்துகிறாள் என்று நான் வாதாடியிருக்கிறேன். பெற்றது அவள், வாதாடியது நான்.

மூன்றில் ஒன்று

லேடி டாக்டர் கிடைப்பதில்லை என்று அம்மா தலைமுறை அலுத்துக்கொண்டதற்கு வேறொரு கணக்கும் உண்டு. இங்கே அப்போது இருந்தது ஒரே மருத்துவப் பள்ளி. 1979லிருந்து அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று அரசாங்கமே வரம்பு வைத்திருந்தது. கல்யாணம், குழந்தை என்று பெண்கள் தொழிலை விட்டுவிடுகிறார்கள், படிக்கவைத்த செலவு வீணாகிறது என்பது காரணம். 2002 கடைசியில்தான் வரம்பை எடுப்பதாக அறிவித்தார்கள், 2003ல் சேர்ந்தவர்களிலிருந்து அது இல்லை. ஆக, இங்கே படித்து இன்று ஐம்பது வயதில் இருக்கும் டாக்டர்கள் எல்லாம் அந்தச் சல்லடை வழியாக வந்தவர்கள். என் மனைவியோடு வேலை செய்யும் ஓர் அக்கா, நல்ல மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காமல் வேதியியல் படிக்கப் போனவர். அந்த வரம்பை வைத்தபோது யார் யாரைக் கலந்தார்களோ, "லேடி டாக்டரா பாரு" என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்த எங்களைப் போன்ற குடும்பங்களைக் கேட்டிருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்போம்.

அதற்கும் முன்னால் போனால், 1913ல் பென்கூலன் ஸ்திரீட்டில் ஒரு சின்ன மருந்தகம். ஆங்கிலிக்கன் பேராயரின் மனைவி சார்லட் பெர்குசன் டேவி, தானே டாக்டர், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே அதைத் திறந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனையின் வேர் அதுதான். கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி 1924ல் மகப்பேறு மருத்துவமனையானது. அந்தப் பெயருக்கு மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள், லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் நம்மவர்கள் மாடு கட்டிய காலத்துப் பெயர். 1966ல் ஒரே வருடத்தில் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. கின்னஸில் ஏறிய கணக்கு. ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல். நானும் 1975ல் அங்கேதான் பிறந்தேன். உன்னைப் பார்த்தது ஆண் டாக்டரா பெண் டாக்டரா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், மடக்கிவிடலாம் என்ற நினைப்பில். "உசுரு போற நேரத்துல மூஞ்சியா பாப்பாங்க?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கையைப் புடிச்சிக்கிட்டு நின்னது ஒரு மலாய்க்கார மிஸ்ஸி" என்றார். மிஸ்ஸி என்றால் நர்ஸ். நாற்பத்தெட்டு வருடம் கழித்தும் அந்தக் கை ஞாபகமிருந்தது.

புள்ளிவிவரம் வேண்டுமென்பவர்களுக்கு அதுவும் உண்டு. 2017ல் அமெரிக்காவில், 65 வயது தாண்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பெண் மருத்துவர் பார்த்தவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தது 11.07 சதவீதம், ஆண் மருத்துவர் பார்த்தவர்களில் 11.49. வாட்ஸ்அப்பில் வந்த இதை மனைவியிடம் காட்டி ஒரு நாள் முழுக்க விவாதம் செய்தோம். வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்பவர் யாரும் டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில்லை.

கதவுக்கு வெளியே

மறு வருடம் மார்ச்சில் அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். எரிச்சல் என்று மட்டும் சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை. எங்கள் லேடி டாக்டர் விடுப்பில் போயிருந்தார். பாலிகிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அன்று கேட்டு வாங்க நேரமில்லை, திரையில் எந்த அறை வந்ததோ அந்த அறை. உள்ளே இருந்தவர் ஆண். அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. அப்புறம் அவர் "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். தமிழர். முப்பது வயதுகூட இருக்காது. இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், கொஞ்சம் தட்டித் தட்டி வரும். நான் வழக்கப்படி மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "டாக்டர், அம்மாவுக்கு நேற்றிலிருந்து" என்று ஆரம்பித்தேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அண்ணே, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? நான் கூப்பிடுறேன்" என்றார். குரலில் அதிகாரம் எதுவும் இல்லை. காப்பிக்கடையில் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வது போலச் சொன்னார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஆண் டாக்டரிடம் தனியாக விட்டுப்போகிறாயா என்று அந்த முகம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கைப்பையை மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து கதவுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு மலாய் நர்ஸ் உள்ளே போனார். கதவு திறந்த அந்த ஒரு நொடியில் அம்மாவின் குரல் கேட்டது, விடாமல், மூச்சு விடாமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசும் அதே வேகத்தில். கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்புச் சத்தம். காய்ச்சலோடு உள்ளே போன அம்மா சிரிக்கிறார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் கைப்பேசியை எடுக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மருந்து வாங்கிக்கொண்டு கீழே காப்பிக்கடையில் தே வாங்கிக் கொடுத்தேன். அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அடி இறங்கியிருக்காம். எட்டு வருசமாத்தான் இருக்கு. அதனாலதான் அடிக்கடி இந்தக் காய்ச்சலாம். வளையம் மாதிரி ஒண்ணு வச்சா நிக்குமாம், ஆபரேசன் வேணாமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருக்காங்க." அடி என்றால் கர்ப்பப்பை. எட்டு வருடம். கோயிலுக்கு வருவதை நிறுத்தியது, பேருந்து ஏற மறுத்தது, உறவுக்காரர் கல்யாணத்தில் சாப்பிட்டு முடிக்கும் முன்பே வீட்டுக்குப் போகலாம் என்றது, துவாலைக்குப் பின்னால் தொங்கிய என் வேட்டி. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரே உட்கார்ந்தன.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "லேடி டாக்டர் வேணும்னுதானே கேட்ட? தேடிப் புடிச்சேனே. அவங்க கேட்டாங்களே, அப்ப ஏன் சொல்லல?"

"அவங்க லேடிதான். நடுவுல நீ உக்காந்திருந்தியே."

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அம்மா இன்னொன்றும் சொன்னார். "எங்க ஊர்ல லேடி டாக்டர் ரூமுக்குள்ள ஆம்பளைங்க வரமாட்டாங்க. உங்க தாத்தாவே வாசல்ல நின்னு பீடி குடிச்சிக்கிட்டு இருப்பாரு. இங்கயும் லேடி டாக்டர்னா நீ வெளிய நிப்பேன்னு நெனச்சேன். நீ என்னமோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்த."

இருபது வருடமாக நான் கேலி செய்த நிபந்தனை டாக்டரைப் பற்றியதே இல்லை. என்னை வெளியே நிறுத்த அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி அது. "நீ வெளியே போ" என்று மகனிடம் சொல்ல முடியாத ஒருத்தி அதை "லேடி டாக்டரா பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ சொல்லை மட்டும் நிறைவேற்றினேன்.

பரிசோதிக்க வேண்டி வந்தபோது அந்த டாக்டர், பெண் டாக்டரைக் கூப்பிடட்டுமா, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டாராம். "இவ்வளவு சொன்னப்புறம் என்ன தம்பி, நீங்களே பாருங்க" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் துணையாக அந்த நர்ஸ் உள்ளே போனது. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "மாலு?" என்று கேட்க, வெட்கமா என்று, அம்மா "டாக் மாலு, சூடா துவா" என்றாராம். வெட்கமில்லை, கிழவியாகிவிட்டேன் என்று. மூன்று பேரும் சிரித்தது அப்போதுதான். இதிலிருந்து ஆண் டாக்டரே போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறொரு நாள், வேறொரு ஆள், தமிழ் தெரியாத ஆண் என்றால் அம்மா எழுந்து வந்திருப்பார். இந்த டாக்டர் கேட்டார், காத்திருக்கலாம் என்று வழியும் சொன்னார், அதற்கப்புறம்தான் அம்மா வேண்டாம் என்றார்.

திண்டிவனத்துக் கதை நமக்கெல்லாம் தெரியும். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வலியில் கிடக்கும் மனைவியைப் பார்க்க வாருங்கள் என்று அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடரைக் கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, அப்பா வருவார் என்கிறார். ஆண் வரக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அந்தப் பெண் பிறகு டாக்டராகி வந்து வேலூர் மருத்துவமனையைத் தொடங்குகிறார். பள்ளிக்கூடத்தில் கேட்டபோது இது பெண்களின் கூச்சத்தைப் பற்றிய கதையாகவே எனக்குப் பட்டது. இப்போது நினைத்தால், வாசலுக்கு வந்து மறுத்துவிட்டுப் போனவர்கள் மூன்று கணவர்கள். உள்ளே கிடந்த மூன்று பெண்களை யாராவது கேட்டார்களா என்பது கதையில் இல்லை. கேட்காமலே பதில் சொல்வது எனக்கும் வரும். கர்ப்பப்பைக் கேள்விக்கு "இல்லை" என்று சொன்னவன் நான்தானே.

வளையம் வைத்தாயிற்று. சில மாதத்துக்கு ஒருமுறை போய்க் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக்கொண்டு வர வேண்டும். முதல் தடவை வைத்தது யார் என்று ஆவல் தாங்காமல் கேட்டேன். "கண்ணாடி போட்டிருந்தாங்க" என்றார் அம்மா. அவ்வளவுதான். மூங்கில் கழியில் இப்போது துவாலைகள் மட்டும். போன வாரமும் போனோம். திரையில் நம்பர் வந்ததும் பழக்கதோஷத்தில் நானும் எழுந்துவிட்டேன். உள்ளே யார் என்று நர்ஸிடம் கேட்கட்டுமா, லேடி டாக்டரா என்று பார்க்கட்டுமா என்றேன்.

"யாரா இருந்தா என்ன. நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு, கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு அம்மா உள்ளே போனார்.